ஒன்பது வோல்ட்டின் கூரை

மூலமற்றத்தில் மலைக்குள் நீர் விழுகிறது, சுழலிகள் சுற்றுகின்றன. 1976இல் தொடங்கிய இடுக்கி மின்திட்டத்தின் 780 மெகாவாட்டும் பிறப்பது அந்த மலைக்குள்தான். கழக்கூட்டத்தில் என் அறைக்கு வரும் மின்சாரம் முழுவதும் அங்கிருந்து வருவது அல்ல. கேரளம் தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியை இப்போது வெளியிலிருந்து வாங்குகிறது. எங்கே பிறந்தாலும் அது படிப்படியாக இறங்கித்தான் வீடு சேர்கிறது. போத்தன்கோடு துணைமின்நிலையத்தில் 220 கிலோவோல்ட். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும்போது 11 கிலோவோல்ட். சுவரில் 230 வோல்ட். அடாப்டரைத் தாண்டினால் 9. கிட்டார் பெடலுக்குள் இரண்டு ரெசிஸ்டர்கள் அதையும் பாதியாக்கி 4.5 ஆக்குகின்றன. கடைசியில் ஒரு சிறிய டயோடு 0.6 வோல்ட்டில் கதவைத் திறக்கிறது. அங்கேதான் கிட்டாரின் ஒலி உடைகிறது.

இரண்டு லட்சத்து இருபதாயிரத்திலிருந்து அரைக்குச் சற்று மேல் வரை. இந்த இறக்கத்தைப் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கடைசிப் படியில்தான் போய் நிற்கிறது. அங்கே நடப்பது மிகச் சிறிய காரியம். அதைக் காது மிகப் பெரிதாகக் கேட்கிறது.

*

டெக்னோபார்க் 1990இல் வந்தது. அதன்பின் இந்தப் பக்கத்தில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கும் பையன்களில் கிட்டார் வைத்திருப்பவர்கள் நிறைய. பகலில் கோடு எழுதுவார்கள், இரவில் வாசிப்பார்கள். மார்த்தாண்டத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, பெடலுக்கு 18 வோல்ட் குடுத்தா சவுண்ட் இன்னும் நல்லா வருமா?”

“எந்தப் பெடலு மக்கா?” என்றேன்.

அந்தக் கேள்விக்கு வேறு எந்தப் பதிலும் சரியாக இருக்காது. எந்தப் பெடல், அதற்குள் ஒலியை உடைப்பது எது என்று தெரியாமல் வோல்ட்டைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை.

*

பழைய ஓட்டு வீட்டின் இறவாணம் தாழ்வாக இருக்கும். குழந்தைகள் நிமிர்ந்து நடப்பார்கள். உயரமானவர் குனிந்துதான் நுழைய வேண்டும். கூரையை உயர்த்திக் கட்டினால் உயரமானவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது.

பெடலில் சப்ளை வோல்ட்டேஜ் என்பது அந்தக் கூரை. ஆப்-ஆம்ப் ஐசி எவ்வளவு பெருக்கினாலும் அதன் வெளியீடு சப்ளையைத் தாண்டிப் போக முடியாது. 9 வோல்ட் கொடுத்து நடுப்புள்ளியை 4.5இல் வைத்தால், அலை மேலே 4.5, கீழே 4.5 வரைதான் ஆட இடம். பழைய ஐசிகள் அந்த எல்லை வரைகூடப் போவதில்லை, ஒன்று ஒன்றரை வோல்ட் முன்னாலேயே நின்றுவிடும். இந்த இடத்தைத்தான் வாசிப்பவர்கள் ஹெட்ரூம் என்கிறார்கள். அலை கூரையில் முட்டினால் அதன் உச்சி தட்டையாகும். தட்டையான அலையில் புதிய மேல்சுரங்கள் பிறக்கும். அதுதான் டிஸ்டார்ஷன்.

அலை கூரை வரை போகிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான ஓவர்டிரைவ் பெடல்களில் அது போவதே இல்லை.

*

மேஜைமேல் டியூப் ஸ்க்ரீமர் வகைச் சுற்று ஒன்று திறந்து கிடக்கிறது. ஐபனீஸ் 1979இல் கொண்டுவந்த பெடல் இது. இதைப் பார்த்துச் செய்த நகல்கள் எத்தனையோ. நடுவில் 4558 என்ற எட்டுக் கால் ஐசி. ஓரத்தில் சம மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 10 கிலோ ஓம். அவை சேரும் இடத்தில் மல்ட்டிமீட்டர் முனையை வைத்தால் சப்ளையில் சரிபாதி காட்டுகிறது. பக்கத்தில் 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அந்தப் பாதியை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஐசியின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் பாதையில் இரண்டு சிலிக்கான் டயோடுகள், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில்.

ஒற்றைக் காயில் பிக்அப் உள்ள கிட்டாரில் தந்தியைத் தட்டினால் சுமார் பத்தில் ஒரு வோல்ட் வரும். டிரைவ் குமிழை முழுக்கத் திருப்பினால் இந்தச் சுற்று அதை 118 மடங்கு பெருக்கப் பார்க்கும். கணக்குப்படி 11 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். தாண்டுவதில்லை. வெளியீடு 0.6 வோல்ட்டை நெருங்கும்போதே டயோடுகள் திறந்து பெருக்கத்தைத் தின்றுவிடுகின்றன. எனவே வெளியே வருவது வந்த ஒலியோடு ஒரு டயோடின் வோல்ட்டேஜ் சேர்ந்த அளவுதான், ஒரு வோல்ட்டுக்குள். கூரையோ மூன்று வோல்ட் உயரத்தில் இருக்கிறது.

இந்தச் சுற்றுக்கு 18 வோல்ட் கொடுத்தால் கூரை இரண்டு மடங்குக்கும் மேல் உயரும். ஆனால் உடைப்பது டயோடு, டயோடுக்குச் சப்ளை எவ்வளவு என்பது தெரியாது. பேட்டரி தேய்ந்து 7 வோல்ட்டுக்கு வந்தாலும் இதே கதைதான்.

முன்னால் பலமான பூஸ்டர் ஒன்றை வைத்து இரண்டு மூன்று வோல்ட் உள்ளே தள்ளினால் மட்டும் கணக்கு மாறும். அப்போது வந்த ஒலியே கூரையைத் தொட்டுவிடும். அந்த ஓர் இடத்தில் உயர்ந்த வோல்ட்டேஜ் உண்மையாகவே காதுக்குத் தெரியும்.

*

டயோடு எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி பெடல்கள் புரிந்துவிடும். டியூப் ஸ்க்ரீமரில் அது திரும்பும் பாதையில் நிற்கிறது. அதனால் உடைப்பு மென்மையாக வருகிறது. 1978இல் வந்த பாஸ் டிஎஸ்-1, புரோகோவின் ராட் போன்றவற்றில் ஐசிக்கு அப்புறம் தரைக்குப் போகும் வழியில் நிற்கிறது. உடைப்பு சட்டென்று வெட்டியதுபோல் வருகிறது. ராட்டில் பெருக்கம் ஆயிரக்கணக்கான மடங்கு. அங்கே ஐசியே முதலில் கூரையில் முட்டித் தட்டையாகிறது. தட்டையானதை டயோடு மறுபடியும் வெட்டுகிறது. கூரையை உயர்த்தினால் முதல் வெட்டின் தன்மை சற்று மாறும். ஆனால் கடைசியில் வெளியே வருவது டயோடு விட்ட அளவுதான்.

1977இல் பாஸ் நிறுவனத்தின் முதல் சிறிய பெடல்களில் ஒன்றாக வந்த ஓடி-1இல் ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறுபக்கம் ஒன்று. அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே அளவில் உடையாது. சமமாக உடைந்தால் ஒற்றைப்படை மேல்சுரங்கள் மட்டும் பிறக்கும். சமமில்லாமல் உடைந்தால் இரட்டைப்படையும் சேரும். அதைத்தான் காது ‘சூடு’ என்று உணர்கிறது. கண்ணுக்கு எள்ளளவு இருக்கும் ஒரு கூடுதல் டயோடு ஒலியின் குணத்தையே மாற்றுகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

*

டயோடே இல்லாத பெடல்கள் உண்டு. வோல்ட்டேஜ் உண்மையில் ஆட்சி செய்வது அங்கேதான்.

கிப்ஸன் நிறுவனம் 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோனை விற்கத் தொடங்கியது. அதற்குச் சக்தி கொடுத்தவை இரண்டு சாதாரண டார்ச் செல்கள். மொத்தம் 3 வோல்ட். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ஒரு பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வாசித்தபின் உலகம் முழுக்க ஃபஸ் பரவியது. அடுத்து வந்த மாதிரி ஒரே செல்லில், 1.5 வோல்ட்டில் ஓடியது. மின்கிட்டார் வரலாற்றின் மிகப் பெரிய ஒலிகளில் ஒன்று டார்ச் லைட்டைவிடக் குறைந்த மின்சாரத்தில் பிறந்திருக்கிறது. கூரை அவ்வளவு தாழ்வாக இருந்ததால்தான் அந்த ஒலி அப்படிப் பிய்ந்தது. அதிக வோல்ட் அதிக ஒலி என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸில் இரண்டே டிரான்சிஸ்டர். 9 வோல்ட் பேட்டரி. இழுப்பது சுமார் ஒரு மில்லி ஆம்பியர். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் சுமார் 4.5 வோல்ட் இருந்தால் அது நன்றாகப் பாடும். பேட்டரி தேயும்போது அந்தப் புள்ளி தன் விகிதத்தில் நிற்பதில்லை. ஏனென்றால் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் சப்ளையோடு சேர்ந்து குறையாது. அது தன் அளவிலேயே நிற்கும். கூரை தாழும்போது நடுப்புள்ளியும் நகர்கிறது. அலை ஒரு பக்கமாக அதிகம் உடைகிறது. ஒலி சுருங்கி, மெல்லத் தட்டினால் தொண்டை அடைத்ததுபோல் நின்று நின்று வருகிறது. சிலர் அந்த ஒலிக்காகவே தேய்ந்த பேட்டரிகளைச் சேர்த்து வைத்தார்கள். டுவேன் ஆல்மன் அப்படிச் செய்தவர் என்று கிட்டார் வாசிப்பவர்கள் சொல்வார்கள். இன்று சில பவர் சப்ளைகளில் 9இலிருந்து 4 வோல்ட் வரை இறக்க ஒரு குமிழே வைத்து விற்கிறார்கள்.

பேட்டரியின் உள்மின்தடைதான் இதற்குக் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடையில் கிடைக்கும் புதிய கார்பன்-ஜிங்க் 9 வோல்ட் பேட்டரியின் உள்மின்தடை சில பத்து ஓம். ஒரு மில்லி ஆம்பியர் இழுத்தால் குறைவது சில பத்து மில்லிவோல்ட். காதுக்கு எட்டாத அளவு அது. தேயத் தேய அந்தத் தடை கூடினாலும், முக்கியமாக வேலை செய்வது தேய்ந்துபோன வோல்ட்டேஜ்தான். அது தெரிந்தால் பழைய பேட்டரியைத் தேடி அலைய வேண்டாம். சரியான அளவுக்கு இறக்கிய சப்ளையே போதும்.

*

கழக்கூட்டத்துக்கென்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. கடல் பக்கத்தில். காற்றில் எப்போதும் ஈரம். பகலில் வீட்டுக்குள்ளேயே 32 டிகிரி சாதாரணம்.

ஃபஸ் ஃபேஸின் முதல் தலைமுறையில் இருந்தவை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். ஜெர்மேனியத்தில் எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். சூடு ஏறினால் அந்தக் கசிவும் ஏறும். சுமார் 10 டிகிரிக்கு ஒரு முறை இரண்டு மடங்கு. லண்டனின் 18 டிகிரியில் சரியாக உட்கார வைத்த நடுப்புள்ளி இங்கே மொட்டைமாடியில் வேறெங்கோ போய் நிற்கும். ஏசி போட்ட அறையில் நன்றாக இருந்த பெடல் வெளியே மேடையில் ஏன் கரகரக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அப்போது வோல்ட்டை மாற்றினால் நோய் ஒன்று, மருந்து ஒன்று. மாற்ற வேண்டியது பயஸ், அதாவது அந்த நடுப்புள்ளி. சிலர் கலெக்டர் ரெசிஸ்டரின் இடத்தில் திருகி மாற்றக்கூடிய சிறிய ட்ரிம்பாட் வைக்கிறார்கள். இந்த வானிலைக்கு அது அலங்காரம் அல்ல, அவசியம். அல்லது சிலிக்கான் டிரான்சிஸ்டரைப் போடலாம். கசிவு பேருக்குத்தான் இருக்கும். ஆனால் ஒலி சற்றுக் கூர்மையாகும்.

உப்புக்காற்று இன்னொன்றும் செய்கிறது. அடாப்டர் முள்ளும் பெடலின் துளையும் சேரும் இடத்தில் பாசிபோல் பச்சையாகப் படிகிறது. அங்கே தடை கூடி வோல்ட்டேஜ் விழுகிறது, இரைச்சல் வருகிறது. பெடலைக் குறை சொல்வதற்கு முன் அந்த முள்ளைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

*

1994இல் பில் ஃபின்னிகன் கொண்டுவந்த க்ளோன் சென்டார் வோல்ட்டேஜைப் பற்றி யோசித்துக் கட்டிய பெடல். உள்ளே போவது 9 வோல்ட்தான். ஒரு சிறிய சார்ஜ்-பம்ப் ஐசி அதை மேலே சுமார் 18 வோல்ட்டாகவும், தரைக்குக் கீழே 9 வோல்ட்டாகவும் மாற்றுகிறது. மொத்தம் 27 வோல்ட் இடம். டிஸ்டார்ஷனை உண்டாக்குவதோ ஜெர்மேனியம் டயோடுகள். அவை அரை வோல்ட்டுக்கும் கீழே திறந்துவிடுபவை. அப்படியானால் 27 வோல்ட் எதற்கு?

அந்தப் பெடலில் இரண்டு பாதைகள். ஒன்றில் ஒலி உடைகிறது. இன்னொன்றில் உடையாத ஒலி அப்படியே வந்து கடைசியில் சேர்கிறது. உயர்ந்த கூரை உடையாத ஒலிக்காக. உடைந்ததற்கு இடம் தேவைப்படவில்லை. தூய்மையாக இருக்க வேண்டியதற்குத்தான் இடம் தேவைப்பட்டது. அந்தச் சுற்றுப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தெளிவின் முன் மனம் அடங்குகிறது.

*

கேரளத்தில் ராக் இசை ஒரு மரபாகவே வளர்ந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் உருவான அவியல் குழு 2008இல் தன் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டது. ரெக்ஸ் விஜயனின் கிட்டார் அதில். அதே 2008இல் கொச்சியின் மதர்ஜேன் குழு ‘மக்தூப்’ வெளியிட்டது. அதில் வாசித்த பைஜு தர்மஜன், உடைந்த கிட்டார் ஒலியில் கர்நாடக சங்கீதத்தின் கமகங்களைக் கொண்டுவந்தவர்.

கமகத்துக்கு நீண்ட ஒலி வேண்டும். தட்டிய தந்தியின் ஒலி உடனே தேயத் தொடங்குகிறது. சுரம் அசைந்து அசைந்து போய் உட்காரும்போது ஒலி மிச்சம் இருக்க வேண்டும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினைத் தேர்ந்துகொண்டதற்கு இந்த நீட்சியும் ஒரு காரணம். டிஸ்டார்ஷன் இதை இன்னொரு வழியில் தருகிறது. அலையின் உச்சி வெட்டப்படுவதால் பலமான தொடக்கமும் பலவீனமான நடுவும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்தில் வருகின்றன. தந்தி தேய்ந்துகொண்டே இருக்கும், ஒலியளவு தேயாது.

கூரையில் முட்டி உடையும் பெடலுக்கு 18 வோல்ட் கொடுத்தால் தட்டும் விரலின் அழுத்தம் தெளிவாகும், தொடக்கம் திறக்கும், நீட்சி குறையும். 9 வோல்ட்டில் தொடக்கம் மங்கும், நீட்சி கூடும். ஜெஃபெட் டிரான்சிஸ்டர்களை அடுக்கி வால்வு ஆம்ப்போலக் கட்டிய பெடல்களிலும், 9 முதல் 18 வரை ஏற்றுக்கொள்ளும் ஃபுல்டோன் ஓசிடி போன்றவற்றிலும் இது நன்றாகத் தெரியும். தாள நடையில் கோர்டு வாசிப்பவர் 18ஐ விரும்பலாம். ராகத்தை இழுத்து வாசிப்பவருக்கு 9 போதும். சில சமயம் அதற்கும் கீழே போகலாம். என்ன வாசிக்கிறோம் என்பதிலிருந்துதான் வோல்ட்டைத் தேர வேண்டும்.

*

சுவரில் வரும் 230 வோல்ட் மாலையில் தாழும், நள்ளிரவில் ஏறும். ஆறு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்றது 1956ஆம் ஆண்டு மின்சார விதி. அதாவது 216 முதல் 244 வரை. டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் கெபாசிட்டரும் மட்டும் உள்ள பழைய அடாப்டர் இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே பெடலுக்குக் கடத்தும். போதாக்குறைக்கு, 9 என்று மேலே எழுதியிருக்கும். இழுப்பவர் இல்லாவிட்டால் 12, 13 கூடக் கொடுக்கும். 7809 ரெகுலேட்டர் உள்ளது 9ஐ உறுதியாகப் பிடிக்கும். ஆனால் அதற்கு உள்ளே 11 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கிடைக்காதபோது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒலியில் கேட்கும். இப்போதைய சுவிட்சிங் அடாப்டர்கள் 100 முதல் 240 வரை எது வந்தாலும் அசையாமல் 9 தருகின்றன.

மில்லி ஆம்பியரைக் கண்டு பயப்பட வேண்டாம். 500 மில்லி ஆம்பியர் என்று எழுதிய அடாப்டர் அவ்வளவையும் பெடலுக்குள் திணிக்காது. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். திணிக்கக்கூடியது வோல்ட்டேஜ் மட்டும்தான்.

ஐப்பசியில் துலாவர்ஷம் தொடங்கினால் மாலையில் இங்கே இடி விழாத நாள் அரிது. வானம் கருக்கும்போதே பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது.

*

கெபாசிட்டரின் உடம்பில் அதன் எல்லை எழுதியிருக்கும். 1973இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய கெல்ட்ரான், கண்ணூரில் செய்யும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களிலும் அது இருக்கும்: 16 வோல்ட், 25 வோல்ட், 50 வோல்ட். 18 வோல்ட் கொடுக்க நினைப்பவர் முதலில் வாசிக்க வேண்டியது இந்த எழுத்தைத்தான். 16 என்று எழுதிய கெபாசிட்டர் சப்ளையின் குறுக்கே இருந்தால் 18 அதைக் கொல்லும். இன்றே இல்லாவிட்டாலும் ஒரு நாள். க்ளோன் போன்ற சார்ஜ்-பம்ப் பெடல்களுக்கு 18 கொடுக்கவே கூடாது. அதன் ஐசி தாங்குவது 10 வோல்ட் அளவுக்குத்தான். முள்ளின் நடுப்பகுதி மைனஸா பிளஸா என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு நடு மைனஸ். பழைய ஜெர்மேனியம் ஃபஸ்களில் பிளஸ்தான் தரை. மற்ற பெடல்களோடு ஒரே வயரில் அவற்றைக் கோத்தால் ஷார்ட் ஆகும்.

*

மார்த்தாண்டத்துத் தம்பிக்கு நான் சொன்னதையே இதை வாசிப்பவருக்கும் சொல்கிறேன். மாற்றிப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வோல்ட்டை உயர்த்தினால் பல பெடல்களில் சத்தமும் கூடும். கூடிய சத்தத்தைக் காது நல்ல ஒலி என்று ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். வால்யூமைச் சமமாக்கிவிட்டு, அதே தந்தியை, அதே விரலால், அதே பலத்தில் தட்டிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் அந்தப் பெடலில் உடைப்பது டயோடு. 18 வோல்ட் அடாப்டருக்குக் கொடுக்கும் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். தெரிந்தால், வாசிக்கும் பாட்டுக்கு எது பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எண் பெரியதா சிறியதா என்று பார்க்க வேண்டாம். ஆனால் எதற்கும் முன்னால் பெடலின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்துவிடுங்கள். அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.